ஆற்றிலிருந்து வந்த ஆறு பேர்

கொப்பரையில் பிளம் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. கொட்டை எடுத்த பழத்தை விடிந்ததும் போட்டால் பொழுது சாயும்போதுதான் திரளும். அதுவரை துடுப்பு நிற்கக் கூடாது. நின்றால் அடிப்பிடிக்கும், அடிப்பிடித்தால் குளிர்காலம் பூராவும் ரொட்டியில் கரிவாசம் தின்ன வேண்டியதுதான். சும்ரெத்தா இரண்டு கையாலும் துடுப்பைச் சுழற்றிக்கொண்டே, புகைக்கு ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் ஆற்றுப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாட்டைத் தேடிப் போன புருஷன் ஹம்தியா மத்தியானச் சாப்பாட்டுக்கும் வரவில்லை.

மாடு பெரிய தப்பு ஒன்றும் செய்துவிடவில்லை. க்ளினா ஆறு அந்த இடத்தில் முழங்கால் அளவுதான் ஓடும். இக்கரை போஸ்னியா, அக்கரை குரோஷியா, அங்கிருந்து தொடங்குவது ஐரோப்பிய யூனியன் என்பதெல்லாம் மனுஷர்களுக்கு. பசு ஷாருல்யாவுக்கு அக்கரைப் புல் பசேலென்று தெரிந்தது, இறங்கிப் போய்விட்டாள். ஹம்தியா ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு கயிற்றோடு பின்னாலேயே போனான். சட்டைப் பையில் ஒரு அடையாள அட்டைகூடக் கிடையாது. மாடு பிடிக்கப் போகிறவன் எதற்கு அட்டை எடுத்துப் போகிறான்?

பாகு கொழகொழவென்று துடுப்பைப் பிடித்து இழுக்க ஆரம்பித்த நேரத்தில் பாதையில் ஆட்கள் தெரிந்தார்கள். ஆறு பேர். நனைந்து, வெறுங்காலோடு, ஒருத்தர் தோளில் ஒருத்தர் கை போட்டு ஏறி வந்தார்கள்.

அவளுக்கு அது பழகிய காட்சிதான். மழை தொடங்கிவிட்டால் வாரத்துக்கு இரண்டு கூட்டமாவது அப்படி ஏறி வரும். ஆப்கானியர்கள், பாகிஸ்தானியர்கள், சில சமயம் கைக்குழந்தையோடு சிரியாக்காரர்கள். அக்கரைக் காட்டில் பல நாள் நடந்து பிடிபட்டவர்கள். பிடித்தவர்களை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்ப் பேர் எழுதி, அடைக்கலம் வேண்டுமா என்று கேட்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம். அந்தச் சட்டம் இன்னும் ஆற்றங்கரைவரை நடந்து வந்து சேரவில்லை. முகமூடி போட்ட போலீஸ்காரர்கள் போனை உடைப்பார்கள், செருப்பைக் கொளுத்துவார்கள், தடியால் அடித்துத் தண்ணீரில் இறக்கி, "போ, போஸ்னியாவுக்கு" என்பார்கள்.

சும்ரெத்தா ஒரு கையால் துடுப்பைச் சுழற்றியபடியே மறு கையால் ரொட்டியை எடுத்து பக்கத்துப் பலகையில் வைத்து ஆறு துண்டாக வெட்டத் தொடங்கினாள். கடைசியாக வந்தவன் வயதானவன். பனியனோடு, விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்து நடந்தான். 'இந்த வயசுல இவனுக்கு எதுக்கு ஐரோப்பா?' என்று நினைத்துக்கொண்டே, "உக்காருங்க அண்ணே, உக்காருங்க" என்று மரக்கட்டையைக் காட்டினாள்.

"அண்ணனா?" என்றான் அவன். "சும்ரெத்தா, நான்தான்டி."

துடுப்பை அவள் அப்போதுதான் விட்டாள். அந்த வருஷப் பாகு அடிப்பிடித்தது.

*

ஊரில் சும்ரெத்தாவுக்குச் சுங்கச்சாவடி என்று பேர். அவளைத் தாண்டி யாரும் கேள்வியில்லாமல் போய்விட முடியாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளின் மாமியாருக்கு என்ன வியாதி என்பது அடுத்த நிறுத்தத்துக்குள் அவளுக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கும் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். போர்வை கொடுத்துக்கொண்டே கேட்டாள், பீன்ஸ் சூப்பைச் சூடாக்கிக்கொண்டே கேட்டாள்.

அந்த ஐந்து பேரில் ரஹ்மத்குல் என்பவனுக்கு மட்டும் அவள் பாஷை கொஞ்சம் வந்தது. பக்கத்து டவுன் க்ளாதுஷாவில் அகதி முகாமில் போன குளிர்காலத்திலிருந்து கிடந்தவன். உதடு கிழிந்திருந்தது.

"மாமா நீச்சல் தெரியாது," என்றான் ரஹ்மத்குல். "அவங்க ஆழமான இடத்துல தள்ளினாங்க. தண்ணி இங்க." கழுத்தைக் காட்டினான். "நான் பனியனைப் புடிச்சேன். மாமா ரொம்ப கனம்."

"கனம்தான். சொன்னா கேக்காம ராத்திரியும் கிழங்கு வச்சுச் சுட்ட பீத்தா திம்பாரு," என்றாள்.  உடனே அடுத்த கேள்வியைப் பிடித்துக்கொண்டாள். "உங்க ஊர்ல ரொட்டி எதுல சுடுவாங்க? இரும்புச் சட்டியிலயா?"

"மண்ணுல. தரைக்குள்ள அடுப்பு."

"தரைக்குள்ளயா? அப்ப உங்க அம்மா கையை உள்ள விட்டா எடுப்பா? சுடாதா?"

ரஹ்மத்குல் சிரித்தான், உதடு மறுபடி கசிந்தது. "அம்மா கையில முடியே கிடையாது. எல்லாம் கருகிப்போச்சு."

இன்னொருத்தன் மணிக்கட்டு வீங்கி, எலும்பு இடம் மாறியது மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டு ஷெஃபிக் தன் வேனைக் கொண்டுவந்து ஐந்து பேரையும் க்ளாதுஷா ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனான். போவதற்கு முன் ஹம்தியாவைப் பார்த்து, "என்ன அண்ணே, ஐரோப்பா எப்படி இருந்துச்சு? ஒரே நாள்ல திரும்பிட்டீங்க?" என்றான்.

"குளுருதுடா," என்றான் ஹம்தியா. அவ்வளவுதான் சொன்னான்.

*

முட்டைக்கோஸ் இலையைப் பிளம் சாராயத்தில் நனைத்து முதுகில் ஒட்டினால் வீக்கம் வடியும். அவர்கள் வீட்டில் சாராயம் அதற்கு மட்டும்தான். குப்புறப் படுத்திருந்த ஹம்தியாவின் முதுகில் இலையை ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே சும்ரெத்தா ஆரம்பித்தாள்.

"நீ யாருன்னு சொல்லலையா?"

"சொன்னேன்."

"எந்தப் பாஷையில சொன்ன?"

"எனக்கு என்ன பத்துப் பாஷையா தெரியும்? அவங்க பாஷையும் நம்ம பாஷையும் ஒண்ணுதானே. ஐயா, நான் இந்தக் கரைக்காரன், மாட்டைத் தேடி வந்தேன், என் பொண்டாட்டி பாகு காய்ச்சுற புகை அந்தா தெரியுது பாருங்கன்னேன்."

"அதுக்கு?"

"ஒருத்தன் சிரிச்சான். 'அஞ்சாறு தடவை வந்திருப்பான் போல, நல்லாவே கத்துக்கிட்டிருக்கான்'னான்."

அவள் கை நின்றது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சூரியனில் வெந்த முகமும், ஒரு வாரத் தாடியும், கிழிந்த ஸ்வெட்டருமாக அவன் எப்படித் தெரிந்திருப்பான் என்று யோசித்துப் பார்த்தாள். அவளே 'அண்ணே' என்றுதானே கூப்பிட்டாள்!

"இன்னொருத்தன், அப்ப நீதான் இவங்களைக் கூட்டிட்டு வந்த புரோக்கரான்னு கேட்டான். அப்புறம் நான் வாயைத் திறக்கலை. அந்தப் பசங்களோட காட்டுல போய்ச் சிக்குனதுதான். மாட்டைப் பாத்தீங்களான்னு அவங்ககிட்ட சைகையில கேட்டுட்டிருந்தேன். சுத்தி வளைச்சிட்டாங்க."

"எத்தனை பேரு அடிச்சாங்க?"

"ரெண்டு பேரு. ஒருத்தன் வேன் பக்கத்துல நின்னான். ஒருத்தன் செருப்பு, என் சட்டை, ஸ்வெட்டர் எல்லாத்தையும் பொறுக்கி நெருப்புல போட்டான்." ஹம்தியா தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அவன் அடிக்கலை."

சும்ரெத்தாவுக்கு அந்த 'அடிக்கலை' உறுத்தியது. அடித்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அடிக்காதவனுக்கு மட்டும் தனியாக ஒரு வக்காலத்து.

"யாரு அவன்?"

"முகமூடி போட்டிருந்தான்."

"யாருன்னு கேட்டேன். என்ன போட்டிருந்தான்னு கேக்கலை."

ஹம்தியா தலையணை உறையில் பிரிந்த நூலைப் பிடித்து இழுத்தான். அப்புறம் சொன்னான்: "கையுறையில சுண்டு விரல் நுனி காலியா மடங்கிக் கிடந்துச்சு."

அக்கரையில் அப்படி விரல் உள்ளவனை இருவருக்கும் தெரியும். காத்தாவின் மகன் திஹோமிர். காத்தா புருஷனை இழந்தவள். அவளுக்குக் குளிர்கால விறகை வருஷாவருஷம் பாலத்து வழியாகப் போய் ஹம்தியாதான் வெட்டிக் கொடுப்பான். திஹோமிர் சின்னப் பையனாக இருந்தபோது கட்டை பிளக்கும் இயந்திரத்தில் கையை விட்டுவிட்டான். துணியில் சுற்றி அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும் ஹம்தியாதான்.

"அவனுக்கு உன்னைத் தெரிஞ்சுதா?"

"கண்ணைப் பாத்தேன். தெரிஞ்சுது."

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

"கூட நிக்கிறவங்க முன்னாடி அவனுக்குச் சங்கடமா இருக்கும்னு..."

"ஏ மனுஷா! உன் முதுகை உரிக்கிற இடத்துல நீ அவன் சங்கடத்தைப் பாத்தியா?"

*

அடுத்த வாரம் நெவேனா என்ற வக்கீல் வந்தாள். அக்கரைத் தலைநகரத்துக்காரி, இப்படித் தள்ளிவிடப்பட்டவர்களுக்காக அந்தப் பக்கத்து நீதிமன்றங்களில் வழக்கு நடத்துகிறவள். சமையலறையில் உட்கார்ந்து இரண்டு கோப்பை காபி குடித்தாள்.

"அந்த அஞ்சு பேர் சொல்றதை எங்க ஆளுங்க ஒத்துக்கவே மாட்டாங்க," என்றாள். "எல்லையைத் தாண்டினவன் பொய் சொல்றான்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. நீங்க அப்படி இல்லை. வீடு இருக்கு, பேரு இருக்கு, போறதுக்கு வேற ஊரே கிடையாது. நீங்க சாட்சி சொன்னா அவங்க சொல்றதும் நிக்கும்."

ஹம்தியா முடியாது என்றான். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மகள் அஸெமினாவும் வந்திருந்தாள். அக்கரை டவுனில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை அவளுக்கு. அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே காத்தாதான். வேலை அனுமதியை வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதுவும் போலீஸ் ஸ்டேஷனில்.

"எந்த ஸ்டேஷன்?" என்று நெவேனா கேட்டாள்.

"அப்பாவை அடிச்சவங்களோட அதே ஸ்டேஷன்தான்," என்றாள் அஸெமினா.

 அஸெமினா உருளைக்கிழங்கு பீத்தாவைத் துண்டு போட்டு அப்பா தட்டில் வைத்தாள். "அப்பா, எனக்காக வாயை மூடிக்காதீங்க. நாளைக்கு என் மேல அந்தப் பழி வேண்டாம். அந்த வேலையில நான் தினமும் அவங்க அப்பா அம்மாவைக் குளிப்பாட்டி விடுறேன். அவங்க என்னைப் போகச் சொன்னா யாரு குளிப்பாட்டுவாங்கன்னு அவங்களே யோசிக்கட்டும்."

"உனக்கு வாய் அம்மா மாதிரி," என்றான் ஹம்தியா.

"கேள்விதான் அம்மாவோடது. பதில் என்னோடது."

யோசித்துச் சொல்கிறேன் என்ற அளவுக்குத்தான் ஹம்தியா இறங்கி வந்தான். ஆனால் சும்ரெத்தாவின் மனசில் வழக்கு, அனுமதி எல்லாம் பின்னால் போய், ஒரே ஒரு கேள்விதான் முள்ளாக நின்றது. அந்தக் கண் ஹம்தியாவைப் பார்த்தபோது உள்ளே என்ன ஓடியது? இதைக் கேட்காமல் செத்தால் தன் உடம்பு மண்ணில் அடங்காது என்று தோன்றியது. ஒரு பாட்டில் பாகை, போன வருஷத்து நல்ல பாகைத்தான், பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, பாலத்துச் சாவடியில் பாஸ்போர்ட்டைக் காட்டி அக்கரைக்குப் போனாள்.

*

காத்தா அவளைப் பார்த்ததும் முத்தம் கொடுத்து, மேஜை மேலிருந்த, சும்ரெத்தா தொடாத பன்றித் தொடையை எடுத்து மறைத்துவிட்டு, வெண்ணெய்க்கட்டியும் தக்காளியும் காபியும் வைத்தாள். காத்தாவுக்கு நடந்தது எதுவும் தெரியாது என்று அந்தக் கையின் வேகத்திலேயே தெரிந்தது.

"நல்லவேளை நீயே வந்த," என்றாள் காத்தா. "உங்க ஷாருல்யா என் தொழுவத்துலதான் நிக்கிறா. ஒரு வாரமாப் பால் கறக்குறேன். காது வளையம் போஸ்னியாவோடதாம், அனுப்ப முடியாதாம். மாட்டு டாக்டர் வரணும், ரத்தம் எடுக்கணும், ரெண்டு அரசாங்கமும் கையெழுத்துப் போடணும். வசந்தகாலம் ஆயிடும்னு சொல்றாங்க."

"அவரைத் திருப்பி அனுப்புறதுக்கு இவ்வளவு நேரம் ஆகலையே," என்றாள் சும்ரெத்தா.

"யாரை?"

சும்ரெத்தா சொன்னாள். கோபமில்லாமல், நடந்த வரிசையில் சொன்னாள். கையுறை விரல் வரை வந்ததும் நிறுத்திக்கொண்டாள். காத்தா எழுந்து அடுப்பில் எரியாமலிருந்த கட்டையை நகர்த்தினாள், மறுபடி நகர்த்தினாள். அப்புறம் படிக்கட்டைப் பார்த்து, "திஹோமிர், இறங்கி வா" என்றாள்.

வந்தவன் வீட்டுச் செருப்பும் பழைய ஸ்வெட்டருமாக, தூங்கி எழுந்த முகத்தோடு இருந்தான். சும்ரெத்தாவைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டான்.

"உக்காரு," என்றாள் சும்ரெத்தா. "நான் சண்டைக்கு வரலை. எனக்கு ஒண்ணு தெரியணும், அவ்வளவுதான். நீ அவரைப் பாத்த. தெரிஞ்சுக்கிட்ட. அப்ப உன் மனசுல என்ன ஓடுச்சு?"

"அத்தை..."

"நான் ஊர்ல பல பேர்கிட்ட கேட்டுப் பாத்தேன். பயந்திருப்பான்னு ஒருத்தன் சொன்னான். கெட்டவன்னு ஒருத்தி சொன்னா. எனக்கு ரெண்டும் பத்தலை. நீ சொல்லு."

அவன் மேஜையைப் பார்த்தான். காத்தா அடுப்புப் பக்கமாகவே திரும்பி நின்றாள்.

"முதல்ல சொல்லத்தான் வாயைத் திறந்தேன்," என்றான். "இவரை விட்டுடுங்க, இவர் எனக்குத் தெரிஞ்ச மனுஷன்னு. அது வாய் வரைக்கும் வந்துச்சு அத்தை. சொன்னா அவரை விட்டிருப்பாங்க. அப்புறம் நான் மத்த அஞ்சு பேர் செருப்பை எப்படிக் கொளுத்துறது? இவர் மனுஷன்னு சொல்லிட்டா, அவங்க யாருன்னு ஆயிடும்ல? நாளைக்கு வர்றவங்க, போன மாசம் வந்தவங்க..." நிறுத்தி மூச்சு வாங்கினான். "ஒருத்தரைச் சொன்னா எல்லாரையும் சொல்ல வேண்டியிருக்கும். அதான் சொல்லலை."

சும்ரெத்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதுவரை இப்படி ஒரு பதிலை அவள் எங்கேயும் கேட்டதில்லை. உண்மை போலவும் இருந்தது. படித்துப் படித்துத் தனக்குத்தானே செய்துகொண்ட சாக்கு போலவும் இருந்தது.

"அவர் ஆத்துல முங்கினாரே, அது தெரியுமா?"

"பாத்தேன். அந்த உதடு கிழிஞ்சவன் புடிச்சதையும் பாத்தேன்."

"அவன் பேரு ரஹ்மத்குல்," என்றாள் சும்ரெத்தா. "அவனோட அம்மா தரைக்குள்ள கையை விட்டு ரொட்டி சுடுவா."

திஹோமிர் எழுந்து மேலே போய்விட்டான். கதவு சாத்தும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

சும்ரெத்தா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு கிளம்பினாள். "காத்தா, வக்கீல் கேப்பா. கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். உன்கிட்ட சொல்லிட்டுப் போயிடணும்னு நெனச்சேன்."

காத்தா ஆறிப்போன காபியைத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். வாசல்வரை வரவும் இல்லை.

*

ஹம்தியா கடைசியில் சம்மதித்ததற்குக் காரணம் வழக்கு அல்ல. ரஹ்மத்குல் முகாமிலிருந்து நொண்டிக்கொண்டே நடந்து வந்து, "மாமா முதுகு எப்படி?" என்று கேட்டுவிட்டு, ஒரு வாய் சூப்பு குடித்துவிட்டுப் போனான். வேறெதுவும் கேட்கவில்லை. அவன் போன பிறகு ஹம்தியா, "அந்த வக்கீலம்மாவை வரச் சொல்லு" என்றான்.

க்ளாதுஷாவில் ஒரு அறையில் நெவேனா எல்லாவற்றையும் கேட்டுப் பதிவு செய்துகொண்டாள். ஹம்தியா சுருக்கமாக, ஆனால் எதையும் விடாமல் சொன்னான். தடியின் நிறம், வேன் நின்ற வளைவு, நெருப்பில் ரப்பர் உருகிய நாற்றம். கடைசியில் அவள் கேட்டாள்: "யாரையாவது அடையாளம் தெரிஞ்சுதா?"

ஹம்தியா ஜன்னலைப் பார்த்தான். "எல்லாரும் முகமூடி போட்டிருந்தாங்க."

"ஒருத்தரைக்கூடவா தெரியலை?"

அவன் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. சும்ரெத்தா நாற்காலியை முன்னால் இழுத்தாள்.

"திஹோமிர் ப்ரெபெக்," என்றாள். "அடிச்சவன் இல்லை, செருப்பைக் கொளுத்தினவன். இவரைத் தெரிஞ்சும் பேசாம நின்னவன். அதை அவன் வாயாலயே எங்கிட்ட ஒத்துக்கிட்டான். ப்ரெபெக். அதைச் சரியா எழுதிக்கிட்டியாம்மா? எங்க, காட்டு."

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடலாம். அன்றைக்கு அந்த இடத்தில் போலீஸ் யாருமே இல்லை என்று முதலில் பதில் வந்தது. கூப்பிட்டு விசாரித்தபோது, இருந்தோம் என்று ஒருத்தன் மட்டும் சொன்னான், சுண்டு விரல் நுனி இல்லாதவன். அவனை ஆபீசில் உட்காரவைத்துவிட்டார்கள். மற்ற மூன்று பேரும் இன்னும் அந்தக் காட்டில்தான் சுற்றுகிறார்கள். வழக்கும் இழுத்துக்கொண்டே போகிறது. அஸெமினாவின் அனுமதி பரிசீலனையில் இருக்கிறது என்று மாதாமாதம் சொல்கிறார்கள். ரஹ்மத்குல் அடுத்த தடவை தாண்டிவிட்டான். இத்தாலியிலிருந்து போன் செய்தான்.

ஆனால் அன்றைக்குத் திரும்பும் பஸ்ஸில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. மழை பிடித்திருந்தது. ஹம்தியா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆற்றுத் திருப்பம் வந்ததும்தான் வாயைத் திறந்தான்.

"வீட்டுப் பேரோட சேத்துச் சொல்லிட்ட. ரெண்டு தடவை. இனி காத்தா மூஞ்சியில எப்படி முழிப்ப?"

"காத்தா காலையில போன் பண்ணினா."

ஹம்தியா திரும்பினான். "கெஞ்சினாளா?"

"இல்லை. திட்டுவான்னுதான் நானும் காதை வச்சேன். 'அந்த ஸ்டேஷன்ல ரெண்டு திஹோமிர் இருக்காங்க'ன்னா. 'இன்னொரு பையன் நேத்து வந்து சேந்தவன், அவனோட அம்மா இருதய நோயாளி. வெறும் திஹோமிர்னு சொல்லிட்டு வந்துடாத சும்ரெத்தா. எங்க வீட்டுப் பேரைச் சேத்துச் சொல்லு. எழுதுறவ சரியா எழுதுறாளான்னு பாரு'ன்னா."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஹம்தியா விலாவைப் பிடித்துக்கொண்டான்.

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"இல்லை. ஆனா போனை வைக்கவும் இல்லை. நானும் வைக்கலை. ரொம்ப நேரம் அப்படியே இருந்தோம்."

"நீ ஒண்ணும் கேக்கலையா?"

"இல்லை," என்றாள் சும்ரெத்தா. "எனக்குக் கேக்கத் தோணலை."